வெயில் தின்னும் கடிகாரம்

பனவடலிசத்திரம் என்கிற பெயரிலேயே பனை வடலியும் சத்திரமும் இருக்கின்றன. மூன்றாவதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, பஸ்ஸை விட்டு இறங்கினாலே தெரிந்துவிடும்: வெயில். சாவி கொடுக்கிற பழைய டைம்பீஸ் ஒன்றைச் சித்திரை மாசம் இங்கே மேஜையில் வைத்துப் பாருங்கள், மெல்லப் பின்தங்கும். அது ரிப்பேர் இல்லை, இயற்பியல்.

டைம்பீஸுக்குள் ஒரு சின்னச் சக்கரம் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். பேலன்ஸ் வீல். அதைத் திருப்பித் திருப்பி இழுப்பது முடி போல மெலிந்த ஒரு சுருள்வில். சூடேறினால் எஃகு வில்லின் விறைப்பு குறையும், ஆட்டம் சோம்பலாகும். சாதாரண எஃகு வில் என்றால் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாளொன்றுக்குச் சுமார் 10 விநாடி போய்விடும். மார்கழிக்கும் சித்திரைக்கும் 15 டிகிரி வித்தியாசம்னு வைத்துக்கொண்டால், தினமும் இரண்டரை நிமிடம்!

மேஜைக் கடிகாரம் என்றதும் நமக்கு அதன் அலங்காரம்தான் ஞாபகம் வரும். என்னைக் கேட்டால், அதன் வரலாறு வெயிலோடு நடந்த முந்நூறு வருடச் சண்டை.

ஆரம்ப அடிகளில் ஒன்றை 1720களில் கொடுத்தவர் ஜான் ஹாரிசன், ஒரு ஆங்கிலேயத் தச்சர். பித்தளை எஃகைவிட அதிகமாக விரியும். இரண்டு உலோகக் கம்பிகளையும் மாற்றி மாற்றிக் கோத்து, ஒன்று கீழே நீளும்போது இன்னொன்று மேலே தூக்கும்படி ஊசல் செய்தார். பிறகு வந்தவர்கள் பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பையே இரண்டு உலோகம் ஒட்டிச் செய்தார்கள். சூட்டில் விளிம்பு உள்ளே வளையும், சோம்பல் சரியாகும். பிழையைப் பிழையால் அடிக்கிற வேலை இது. எங்கள் தொழிலில் 'பேட்ச்' என்போம்.

மூலத்திலேயே திருத்தியவர் சார்ல் எதுவார் கியோம். பாரிஸ் அருகே சர்வதேச எடை, அளவுக் கழகத்தில் வேலை. மீட்டர் அளவுகோலுக்கு மலிவான உலோகம் தேடிப் போனவருக்கு 1896இல் இன்வார் கிடைத்தது. இரும்போடு 36 சதவீத நிக்கல். எஃகு விரிவதில் பத்தில் ஒரு பங்குதான் விரியும். அடுத்து அவர் கண்டது எலின்வார், சூட்டில் விறைப்பு மாறாத வில்லுக்கான கலவை. 1920இல் இயற்பியல் நோபல் பரிசு. அதன் வரலாற்றில் கடிகாரக்காரர்களுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த பரிசு வேறில்லை என்றே நினைக்கிறேன்.

அதுசரி, இந்தக் கலவையெல்லாம் வராத வீடுகளில் என்ன செய்தார்கள்? டைம்பீஸின் முதுகில் ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். ஒரு பக்கம் 'எஃப்', மறு பக்கம் 'எஸ்'. கோடையில் எஃப் பக்கம் ஒரு நூல் தள்ளுவார்கள், மழைக்காலத்தில் திரும்ப எஸ் பக்கம். ரேடியோவில் நேரம் சொல்லும்போது சரிபார்த்துக்கொள்வார்கள். ஐரோப்பா உலோகத்துக்குள் வைத்த அறிவை நம்ம ஆட்கள் விரலில் வைத்திருந்தார்கள். கடிகாரத்தின் கடைசிப் பாகம் அந்த விரல். அதை யாரும் கைவினை என்று சொன்னதில்லை.

1969 டிசம்பரில் ஜப்பானின் செய்க்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்றது. பின்னால் நிலைபெற்ற குவார்ட்ஸின் துடிப்பு விநாடிக்கு 32,768. இரண்டால் 15 தடவை வகுத்தால் ஒன்று வரும், அவ்வளவுதான் கணக்கு. 1984இல் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸை நம்பித்தான் எழுந்தது. 1961 முதல் சாவிக் கடிகாரம் செய்துவந்த எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. விரலுக்கு வேலை போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சாவிக் கடிகாரம் சாகவில்லை, பணக்காரர் மேஜைக்குக் குடிபோனது. 1839இல் தொடங்கிய லெப்பே நிறுவனம் எம்.பி. அண்ட் எஃப்போடு சேர்ந்து 2014இல் விண்கலம் மாதிரி ஒரு மேஜைக் கடிகாரம் செய்தது. ஒருமுறை சாவி கொடுத்தால் 40 நாள் ஓடும். கைக்கடிகாரங்களில் 2001 முதல் சிலிக்கான் பாகங்கள் வந்துவிட்டன. நான் எழுதுகிற கோடு ஓடுகிற சிப்பும் அதே பொருள்தான்.

எனக்குப் பிடித்தது அட்மோஸ். 1928இல் ழான் லியோன் ரூட்டர் கண்டுபிடித்தது. அதற்குச் சாவியே வேண்டாம். உள்ளே ஒரு வாயுப் பெட்டி; அறையின் சூடு ஏறி இறங்கும்போது பெட்டி விரிந்து சுருங்கி வில்லை முறுக்கும். ஒரு டிகிரி மாறினால் இரண்டு நாள் ஓட்டம். முந்நூறு வருட எதிரியையே சாப்பாடாக மாற்றிவிட்டார்கள்!

ஆனால் அதற்குச் சொல்லப்படும் வெப்ப எல்லை 15 முதல் 30 டிகிரி. பனவடலிசத்திரத்தில் சித்திரை மாசம் பத்து மணிக்குள் அது தாண்டிவிடும். வெயிலைத் தின்கிற கடிகாரம்கூட நம்ம வெயிலை மனசில் வைத்துச் செய்யப்படவில்லை. நம்ம வெயிலுக்கென்று இருந்த ஒரே வடிவமைப்பு, கோடை பிறந்ததும் அந்த நெம்புகோலை ஒரு நூல் நகர்த்திய விரல்தான்.