ஸ்கோப் மாட்டியும் குறி தப்புதா? டயலைத் திருப்பும் முன் இதைப் பாருங்க!

2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்று. போட்டிக்கு முன் அபினவ் பிந்த்ரா சுட்ட சோதனை பெல்லட், மையத்தை விட்டு எங்கேயோ போனது. துப்பாக்கியின் சைட் மாறியிருந்தது! அவசரமாகச் சரிசெய்து சுட்டவர், 700.5 புள்ளிகளுடன் தங்கம் வென்றார்.

அந்தப் போட்டியில் டெலஸ்கோப் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. ஆனால் ஸ்கோப் மாட்டிப் பழகுபவர்களுக்கும் இதே தலைவலிதான்.

குறி தப்பினால் பலரும் உடனே டயலைத் திருப்புவார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஸ்க்ரூவை. ரிங் ஸ்க்ரூ லூஸாக இருந்தால் ஒவ்வொரு பெல்லட்டும் ஒவ்வொரு பக்கம் போகும். டயலை எவ்வளவு திருப்பினாலும் நிற்காது. அதுக்காக ஓவரா முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கினால் போதும். ஸ்பிரிங் ஏர் ரைபிளில் கூடுதல் கவனம் தேவை. அது முன்னும் பின்னும் உதைக்கும் என்பதால், அதற்கென்று செய்யப்படாத ஸ்கோப் உள்ளே பழுதாகிவிடலாம்.

இன்னொரு தவறு, ஒரே பெல்லட்டை நம்பி டயலைத் திருப்புவது. 3 முதல் 5 வரை சுட்டு, அவை விழுந்த இடங்களின் நடுவை வைத்துத்தான் திருத்தணும்.

கால் எம்ஓஏ ஸ்கோப்பில் ஒரு கிளிக், 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும். 10 மீட்டரில் வெறும் 0.7 மி.மீ.தான். அங்கே 1 செ.மீ. நகர்த்தவே 14 கிளிக் வேணும். ரெண்டு கிளிக் திருப்பிட்டு 'ஸ்கோப் வேலை செய்யல' என்பவர்கள் கவனிக்க!

பெல்லட்டின் பிராண்டோ எடையோ மாறினால், மறுபடி முதலிலிருந்து ஜீரோ செய்யணும்.