அப்பீலுக்கு 14 நாள்தான்: தீர்ப்புக்குப் பிறகு எங்கே போவது?

வழக்கில் தோற்றதும் "அப்பீல் போடுவோம்" என்று சொல்லாதவர் நம்மில் குறைவு. எங்கே போடுவது, எத்தனை நாளுக்குள் போடுவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு மாதம் கழித்து வழக்கறிஞரைத் தேடிப் போனால், முதலில் தாமதத்துக்குக் காரணம் காட்டி, கால நீட்டிப்பு கேட்க வேண்டியிருக்கும். அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

நம் நாட்டில் மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றங்களின் தீர்ப்பை எதிர்த்து உயர்நீதிமன்றம் போகலாம். சிவில், குற்றவியல் இரண்டுக்கும் 14 நாள் கெடு. சிவில் வழக்கில் தொகை 10,000 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே அப்பீல். அதற்கு மேல் புத்ராஜெயாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கே சிவில் வழக்குக்கு 30 நாள், குற்றவியலுக்கு 14 நாள். 250,000 ரிங்கிட்டுக்குக் குறைந்த வழக்கென்றால் முதலில் அனுமதி வாங்க வேண்டும்.

அப்பீல் என்றால் வழக்கு முதலிலிருந்து நடக்கும் என்று நினைக்க வேண்டாம். சாட்சிகளை மறுபடி கூப்பிடுவதில்லை. கீழ் நீதிமன்றப் பதிவுகளைப் படித்து, நீதிபதி எங்கே தவறினார் என்றுதான் பார்ப்பார்கள். அதனால் முதல் விசாரணையில் காட்டாத ரசீதும் கடிதமும் பிறகு உதவுவது அபூர்வம்.

உச்சியில் கூட்டரசு நீதிமன்றம். சிவில் வழக்கில் ஒரு மாதத்துக்குள் அனுமதி கேட்க வேண்டும். பொதுநலன் சார்ந்த, அல்லது முதன்முறையாக எழும் முக்கியச் சட்டக் கேள்வி இருக்க வேண்டும். செஷன்ஸ் நீதிமன்றத்தில் தொடங்கிய குற்றவியல் வழக்கு அங்கே போகாது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு முடிந்துவிடும்.

ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கை நாம் மறக்கவில்லை. 2009-இல் தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளைத் தந்தை மதம் மாற்றினார். 2013-இல் உயர்நீதிமன்றம் அந்த மதமாற்றத்தை ரத்து செய்தது. 2015 இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என அதைப் புரட்டியது. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தனர். நடுவில் அவர் சோர்ந்து விட்டிருந்தால் அந்தத் தீர்ப்பே இல்லை. ஆனாலும் இளைய மகளுக்காக அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது.

அதோடு முடிந்ததா? கூட்டரசு நீதிமன்றம் தன் தீர்ப்பையே மறுஆய்வு செய்ய முடியும், ஆனால் மிக அரிது. முன்னாள் பிரதமர் நஜிப்பின் எஸ்ஆர்சி வழக்கில் 2022 ஆகஸ்டு 23-இல் தண்டனை உறுதியானது. அவர் கேட்ட மறுஆய்வு 2023 மார்ச் 31-இல் நான்குக்கு ஒன்று என நிராகரிக்கப்பட்டது. பிறகு தண்டனை பாதியாகக் குறைந்தது மன்னிப்பு வாரியத்தால்; அது நீதிமன்றப் பாதை அல்ல.

நம்மவர்கள் அதிகம் சிக்கும் இடங்கள் வேறு. "குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒப்புக்கொண்டவர், பிறகு தண்டனையின் அளவையும் அதன் சட்டப்படியான தன்மையையும் பற்றித்தான் அப்பீல் செய்யலாம். தீர்ப்பைப் பற்றி அல்ல. குற்றச்சாட்டு புரியாமலே ஒப்புக்கொண்டிருந்தால், பதிவுகளை வரவழைத்துச் சீராய்வு செய்யும் அதிகாரம் உயர்நீதிமன்றத்துக்கு உண்டு.

சம்மன் வந்தும் போகாததால் எதிராகத் தீர்ப்பு வந்ததா? அதற்கு அப்பீல் இல்லை, அந்தத் தீர்ப்பை நீக்கக் கோரும் விண்ணப்பம்தான். உத்தரவு கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் போட வேண்டும். தபால் உறையைத் தூக்கி எறியாதீர்கள்.

தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவில் இன்னொரு பொறி. அப்பீல் போட்டுவிட்டோம், வீடு தப்பியது என்று குடும்பங்கள் நிம்மதியாக இருந்துவிடுகின்றன. அப்பீல் மட்டும் உத்தரவை நிறுத்தாது. இடைக்காலத் தடைக்குத் தனியாக விண்ணப்பித்து, தக்க காரணம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அப்பீல் விசாரணைக்கு வருமுன்பே பெய்லிஃப் வாசலுக்கு வந்துவிடலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்கள், தீர்ப்பு வந்த அதே வாரத்தில் ஜபாத்தான் பந்துவான் குவாமான் அலுவலகத்திலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ விசாரிக்கலாம். உத்தரவின் நகலைக் கையோடு கொண்டு போங்கள்.