ஒளி வராத சுவரும் நாற்பதாண்டு வரலாறும்



2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அதன்பின் பெற்றோர் பலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "டீச்சர், பிள்ளையோட லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானா?" விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகள் அவை. புதிதாக வாங்க எல்லாராலும் இயலுமா? ஆகவே, லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினால் அதே கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்று சொல்லி வந்தேன். சொன்னதைச் செய்தும் காட்டுவோம் என்று, லினக்ஸ் நிறுவப்பட்ட என் சொந்த மடிக்கணினியை ஒரு பெற்றோர் கூட்டத்திற்கு எடுத்துச் சென்றேன்.

புரொஜெக்டரின் கம்பியை மாட்டினேன். மடிக்கணினியின் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. சுவரில் மட்டும் வெறும் நீல ஒளியும் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பும்! கம்பியைக் கழற்றி மீண்டும் மாட்டினேன். கணினியை அணைத்து மீண்டும் இயக்கினேன். ஐந்து நிமிடங்கள் கழிந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு தந்தையின் குரல் வந்தது: "ஓசியில வர்றது அப்படித்தான் இருக்கும், டீச்சர்." கூட்டம் சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன். சக ஆசிரியர் ஒருவரின் கணினியைக் கொண்டு கூட்டத்தை முடித்தோம்.

ஆனால் அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. அது உண்மையா? இலவசம் என்பதால்தான் படம் வரவில்லையா? விடை தேடியபோது, பழுதைத் திருத்தும் வழியும் அதன் பின்னாலுள்ள வரலாறும் ஒன்றே என்பது விளங்கியது. அதனையே இப்பதிவில் பகிர்ந்துகொள்கிறேன்.

திரை தன்னை அறிமுகம் செய்துகொண்ட கதை

நம் தமிழ்ப்பள்ளிகளுக்குள் மடிக்கணினியும் புரொஜெக்டரும் பரவலாக நுழைந்த ஆண்டு 2003. கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களை ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் அவ்வாண்டு முதலாம் ஆண்டு மாணவர்களிடம் தொடங்கப்பட்டபோது, அதற்குரிய பாடக் குறுவட்டுகளோடு இக்கருவிகளும் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. திட்டத்தைக் கைவிட 2009இல் அரசு முடிவு செய்தது. ஆயினும், சுவரில் படம் காட்டிப் பாடம் நடத்தும் பழக்கம் நம்மிடம் நிலைத்துவிட்டது. ஆசிரியர் பயிற்சி முடித்து அப்பொழுதுதான் பணிக்கு வந்திருந்த எனக்கு, படம் வராவிட்டால் கம்பியை ஆட்டிப் பார்ப்பது ஒன்றே தெரிந்த வைத்தியம்!

அக்காலப் புரொஜெக்டர்களில் பதினைந்து ஊசிகள் கொண்ட நீல நிறச் செருகி இருந்ததைப் பலர் அறிவர். விஜிஏ எனப்படும் அந்தத் தரத்தை ஐபிஎம் நிறுவனம் 1987இல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் கணினி படத்தை அனுப்பும், திரை வாங்கிக்கொள்ளும். எதிரே இருப்பது எத்தகைய திரை என்று கணினிக்குத் தெரியாது. ஆகவே, தொடக்கக்கால லினக்ஸ் பயனர்கள் தங்கள் திரையின் அலைவெண்களைக் கையேட்டில் தேடி, ஒரு கோப்பில் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. தவறான எண்ணை எழுதினால் திரையே பழுதாகலாம் என்ற எச்சரிக்கையும் உடன் இருந்தது.

இந்நிலை 1994இல் மாறத் தொடங்கியது. வெசா என்னும் தரநிர்ணய அமைப்பு, திரை தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும் முறையை வகுத்தது. ‘என்னைச் செய்தவர் இன்னார், இன்னின்ன அளவுப் படங்களை நான் ஏற்பேன்’ என்று 128 பைட்டுகளில் எழுதப்பட்ட ஓர் அடையாள அட்டை அது. இடிஐடி என்பது அதன் பெயர். இன்றைய எச்டிஎம்ஐ கம்பியிலும் இந்த அட்டைதான் முதலில் கைமாறுகிறது. தேய்ந்த கம்பி, மலிவான மாற்றுச் செருகி, படத்தைப் பல திரைகளுக்குப் பிரிக்கும் பெட்டி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இந்த அட்டையைத் தடுத்துவிட்டால் கணினி குழம்பிப்போகும். திரையே இல்லை என்று கருதும். அல்லது ஊகத்தின்பேரில் சிறிய அளவுப் படத்தை அனுப்பும். கம்பியைச் சந்தேகிக்கும் நம் பழைய வைத்தியத்தில் ஓரளவு நியாயம் இருந்ததென்று இப்பொழுது தெரிகிறது!

படம் வரையும் ஊழியன்

லினக்ஸ் கணினியில் நெடுங்காலமாகப் படத்தை வரைந்து வந்தது எக்ஸ் என்னும் மென்பொருள். அது லினக்ஸைவிட மூத்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1984இல் பிறந்தது. அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991இல்தான். சாதாரணக் கணினிகளில் எக்ஸ் இயங்குவதற்கு எக்ஸ்ஃப்ரீ86 என்ற தன்னார்வலர் குழு உழைத்தது. 2004இல் உரிமம் பற்றிய கருத்து வேறுபாட்டால் பலர் விலகவே, எக்ஸ்.ஆர்க் என்னும் அறக்கட்டளையின் கீழ் அப்பணி தொடர்ந்தது.

வகுப்பறைக்கு இதில் முக்கியமான ஆண்டு 2007. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே புரொஜெக்டரை மாட்டவும், கழற்றவும், படத்தை இரு திரைகளுக்கும் பகிரவும் முறையான வசதி ரேண்டர் 1.2 என்ற பெயரில் அவ்வாண்டுதான் எக்ஸில் சேர்ந்தது. அதற்குமுன், பெரும்பாலும் கோப்பைத் திருத்திவிட்டு எக்ஸை மீண்டும் தொடக்க வேண்டும். 2009 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 2.6.29 பதிப்பில், திரையின் அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் கருவுக்கே மாறத் தொடங்கியது. 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் என்னும் புதிய முறை இன்று பல லினக்ஸ் வெளியீடுகளில் எக்ஸின் இடத்தைப் பிடித்துள்ளது.

ஆக, மாட்டியவுடன் படம் வருவது இன்று இயல்பாகத் தோன்றலாம். அந்த இயல்புக்குப் பின்னால் எண்ணற்றோரின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது.

பாயான் லெப்பாசும் பூட்டிய அறிவும்

இனி, கதையின் கடினமான பகுதிக்கு வருவோம். கம்பி நல்லது, மென்பொருளும் நல்லது. ஆயினும், படத்தை உருவாக்கும் வரைகலைச் சில்லோடு பேசத் தெரிந்த ஒரு நிரல் வேண்டும். அதனையே ‘டிரைவர்’ என்கிறோம்; தமிழில் இயக்கி. சில்லின் உள்ளமைப்பை அறிந்தால்தான் இயக்கியை எழுத முடியும். அந்த அறிவோ சில்லைச் செய்த நிறுவனத்திடம் இருக்கிறது.

பினாங்குவாசிகளான நமக்குச் சில்லு அந்நியப் பொருளன்று. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டபோது, இண்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது. ஏஎம்டி நிறுவனமும் அதே ஆண்டில் வந்தது. சில்லுகளைப் பொருத்துவதும் உறையிடுவதும் சோதிப்பதும் இங்குள்ள கைகளின் வேலை. நம் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிலும் பாட்டிமாரிலும் அத்தொழிற்சாலைகளுக்கு ‘ஷிப்ட்’ வேலைக்குப் போனவர்கள் உண்டு. கை நம்முடையதாக இருந்தும் அதன் சூத்திரம் வேறெங்கோ பூட்டியிருந்தது.

அப்பூட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு காலத்தில் திறந்தது. இண்டெல் தன் வரைகலைக்கான இயக்கிகளைத் திறமூலமாகவே வளர்த்து வந்தது. ஏஎம்டி 2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கியது. 2007 செப்டம்பரில் சில்லுகளின் ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்தது. என்விடியா தன் இயக்கியை மூடியே வைத்திருந்தது. தன்னார்வலர்கள் சில்லின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே, நூவோ என்ற கட்டற்ற இயக்கியை எழுதினர். 2010இல் அது லினக்ஸ் கருவில் சேர்ந்தது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், அந்நிறுவனத்தை மேடையிலேயே கடுஞ்சொல்லால் சாடியது உலகச் செய்தியானது. பத்தாண்டுகள் கழித்து, 2022 மே மாதத்தில், கருவோடு இணையும் தன் இயக்கிப் பகுதியை என்விடியா திறமூலமாக வெளியிட்டது.

என் கணினியில் நடந்தது என்ன?

என் மடிக்கணினியில் வரைகலைச் சில்லுகள் இரண்டு. உள்திரை ஒன்றோடும், புரொஜெக்டர் மாட்டும் துளை மற்றொன்றோடும் இணைக்கப்பட்டுள்ளன. கூட்டத்திற்கு முந்திய இரவுவரை இரண்டும் கட்டற்ற இயக்கிகளால் நன்றாகவே இயங்கின. ‘படம் இன்னும் துல்லியமாக இருக்கட்டுமே’ என்று எண்ணி, இரண்டாம் சில்லுக்கு மட்டும் நிறுவனம் தரும் இயக்கியை அன்றிரவு நிறுவினேன். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். கணினி மீண்டும் எழுந்தபோது நீல நிறத் திரையொன்று ஏதோ சாவியைப் பதிவு செய்யச் சொன்னது. தூக்கக் கலக்கத்தில் ‘தொடர்க’ என்று அழுத்திவிட்டேன்.

அங்கேதான் பிழை. ‘செக்யூர் பூட்’ என்னும் பாதுகாப்பு ஏற்பாடு, தான் அறிந்த சாவியால் முத்திரையிடப்படாத இயக்கியை உள்ளே விடாது. புதிய இயக்கி வாசலிலேயே நின்றுவிட்டது. பழைய இயக்கியையோ, நிறுவும்போதே விலக்கி வைத்தாகிவிட்டது. உள்திரை ஒளிர்ந்தது; புரொஜெக்டருக்கு ஆளே இல்லை! இரண்டு நாள் கழித்து இதனைக் கண்டறிந்து, சாவிப் பதிவை மீண்டும் கோரி, கணினியை மறுபடி இயக்கி, நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்தேன். படம் வந்தது. செலவு ஒரு காசுமில்லை.

எந்த வரிசையில் தேடுவது?

இத்தொல்லை உங்களுக்கும் வரலாம். பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். முதலில் புரொஜெக்டரில் சரியான உள்ளீடு தேர்வாகியுள்ளதா எனப் பாருங்கள். அடுத்து, கணினியிடமே கேளுங்கள். எக்ஸ் முறையில் இயங்கும் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘எக்ஸ்ரேண்டர்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட்டால், அது அறிந்த துளைகளையெல்லாம் பட்டியலிடும். வேலண்ட் முறையாயின், அமைப்புகளிலுள்ள திரைப் பக்கம் மாட்டப்பட்ட திரைகளைக் காட்டும். பட்டியலில் கிடைக்கும் விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

துளையின் பெயரே பட்டியலில் இல்லையா? அது பெரும்பாலும் இயக்கியின் சிக்கல். கம்பியை ஆட்டிப் பயனில்லை. அண்மையில் எந்த இயக்கியை மாற்றினோம் என்று நினைவுகூருங்கள்.

பெயர் இருக்கிறது, ஆனால் ‘இணைக்கப்படவில்லை’ என்கிறதா? அடையாள அட்டை வந்து சேரவில்லை. வேறு கம்பி, வேறு மாற்றுச் செருகி ஆகியவற்றை முயலுங்கள். இடையிலுள்ள பெட்டியை நீக்கி நேரடியாக மாட்டிப் பாருங்கள்.

‘இணைக்கப்பட்டுள்ளது’ என்றிருந்தும் சுவர் இருண்டு கிடக்கிறதா? அத்திரை இயக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். பிறகு படத்தின் அளவைக் குறையுங்கள். வகுப்பறையிலுள்ள பழைய புரொஜெக்டர்கள் பல 1024க்கு 768 என்ற அளவினவே. மடிக்கணினி அனுப்பும் 1920க்கு 1080 அளவு எல்லாவற்றிற்கும் ஒத்துவராது.

இன்னொன்று: முக்கியமான நாளுக்கு முந்திய இரவில் எதையும் புதிதாக நிறுவாதீர்கள். இது நான் பட்டுத் தெளிந்த பாடம்!

அந்தத் தந்தைக்கு என் விடை

‘ஓசியில் வருவது அப்படித்தான்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் அண்டையிலுள்ள கேரள மாநிலத்தாரைப் பாருங்கள் என்று சொல்ல முடியாத தொலைவில் நாம் இருந்தாலும், அவர்களின் அனுபவம் நமக்கும் பாடம். அங்கே 2018இல் 45,000 பள்ளி வகுப்பறைகளை நவீனமாக்கும் பணி தொடங்கப்பட்டது. அவ்வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் தரப்பட்டன. மடிக்கணினிகளில் இயங்குவது லினக்ஸ். இலவச மென்பொருளால் படம் வராது என்றால் அத்தனை சுவர்களும் இருண்டல்லவா கிடக்க வேண்டும்? படம் தடைப்படுவது விலை இல்லாததால் அன்று. சில்லைப் பற்றிய அறிவு பகிரப்படாத இடத்தில்தான், அல்லது என்னைப் போல் ஒருவர் அறிவிப்பைப் படிக்காமல் அழுத்திய இடத்தில்தான்.

அடுத்த கூட்டத்தில் அதே மடிக்கணினியை அதே சுவர்முன் வைத்தேன். படம் வந்தது. அந்தத் தந்தை கூட்டம் முடிந்தபின் அருகில் வந்து, "எங்க கம்ப்யூட்டருக்கும் அந்த நீலத் திரை வருமா, டீச்சர்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இண்டெல் அல்லது ஏஎம்டி வரைகலை மட்டும் உள்ள கணினியாயின், அதற்குரிய இயக்கி லினக்ஸ் கருவிலேயே இருக்கிறது. தனியாக நிறுவும் வேலை பெரும்பாலும் இராது. எதுவாயினும், லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியிலுள்ள எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டுங்கள். படம் வருகிறதா, ஒலி கேட்கிறதா, இணையம் கிடைக்கிறதா என்று சோதியுங்கள். மனநிறைவு ஏற்பட்டால், கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டு பிறகு நிறுவுங்கள்.

பிள்ளைகள்முன் கருவி பழுதாகும்போது ஆசிரியர் கூனிக் குறுகத் தேவையில்லை. ‘ஏன் வரவில்லை? வாருங்கள், வரிசையாகத் தேடுவோம்’ என்று அவர்களையும் அழைத்துக்கொள்ளலாம். அதுவும் ஓர் அறிவியல் பாடமே அல்லவா?