காந்த ஃபோம் கட்டைகள்: மென்மையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

போர்ட் கிள்ளான் - பிள்ளைகளின் பிறந்தநாள், தீபாவளி, பள்ளி விடுமுறை என்றால் பெற்றோர் முதலில் தேடுவது விளையாட்டுப் பொருள்களைத்தான். அண்மைக் காலமாகப் பேரங்காடிகளிலும் பசார் மாலாமிலும் இணையக் கடைகளிலும் காந்தம் பொருத்திய ஃபோம் கட்டைகள் பலரையும் கவர்கின்றன. மரக்கட்டை காலில் விழுந்தால் வலிக்கும். பிளாஸ்டிக் கட்டையை இருட்டில் மிதித்தால் குத்தும். ஃபோம் கட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுக்குமாடி வீடுகளில் கீழ்வீட்டாருக்குச் சத்தமும் கேட்காது. ஒன்றன்மேல் ஒன்று தானாகவே ஒட்டிக்கொள்வதால், சின்னக் கைகளாலும் கோபுரம் கட்ட முடிகிறது.

நானும் அப்படி நினைத்துத்தான் இரண்டரை வயதான என் அக்கா மகனுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு கட்டையின் மூலையைக் கடித்துப் பிய்த்துவிட்டான். உள்ளே சாம்பல் நிறத்தில் சட்டைப் பித்தான் அளவு காந்தம் எட்டிப் பார்த்தது. நல்லவேளையாக அக்கா பார்த்துவிட்டார். தூக்கிப் போடவிருந்த பெட்டியை எடுத்துப் புரட்டினேன். இறக்குமதியாளர் பெயர் இல்லை, வயது குறிப்பு இல்லை, எம்.சி. முத்திரையும் இல்லை. கடையில் நான் பெட்டியைப் பார்த்ததே இல்லை. கட்டையை அழுத்திப் பார்த்து 'மெத்தென்று இருக்கிறதே' என்று வாங்கியிருக்கிறேன்.

இந்தக் கட்டைகளில் நாம் முதலில் பார்க்க வேண்டியது மென்மையை அல்ல. காந்தம் உள்ளே எவ்வளவு உறுதியாக அடைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான்.

உள்ளே என்ன இருக்கிறது?

இவ்வகைக் கட்டைகள் பெரும்பாலும் ஈ.வி.ஏ. எனப்படும் ஃபோமில் செய்யப்படுகின்றன. ரப்பர் செருப்பிலும், தாஸ்காக்களில் தரையில் விரிக்கும் வண்ணப் பாயிலும் இருக்கும் அதே வகைப் பொருள்தான். உள்ளே வைக்கப்படுவது பல வேளைகளில் நியோடிமியம் காந்தம். அளவில் சிறியது, இழுப்பில் வலியது.

காந்தத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரே முனைகள் எதிரெதிரே வந்தால் விலக்கும். எனவே நல்ல தயாரிப்புகளில் காந்தத்தைச் சிறு பிளாஸ்டிக் கூட்டுக்குள் சுழலும்படி வைப்பார்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் அது திரும்பி ஒட்டிக்கொள்ளும். பசை தடவி ஒட்டிய மலிவான கட்டைகளில் சில பக்கங்கள் ஒட்டாமல் தள்ளும். குழந்தை எரிச்சலடைந்து கடிக்கும், பிய்க்கும்.

நாணயம் வேறு, காந்தம் வேறு

நாணயத்தை விழுங்கினால், பெரும்பாலும் அது மலத்தோடு வெளியேறிவிடும் என்பது நமக்குத் தெரியும். காந்தத்தை அப்படி எண்ணக்கூடாது. இரண்டு காந்தங்களை விழுங்கினாலோ, ஒரு காந்தத்தோடு ஓர் இரும்புத் துண்டு உள்ளே போனாலோ, அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுக்கும். இடையில் அகப்பட்ட குடல் சுவர் நசுங்கி, இரத்த ஓட்டம் இழந்து, ஓட்டையாகிவிடும். பிறகு வயிற்றுக்குள் கிருமித் தொற்று பரவும்.

அமெரிக்காவில் 'மேக்னெட்டிக்ஸ்' என்ற காந்தக் கட்டுமானப் பொம்மையிலிருந்து கழன்ற காந்தங்களை விழுங்கி 20 மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அதைத் தொடர்ந்து 2006 மார்ச்சில் 38 இலட்சம் பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டு மேட்டல் நிறுவனமும் காந்தம் கழன்று விழக்கூடிய பொம்மைகளை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. இவை பெயர்பெற்ற நிறுவனங்களின் பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தரக் கட்டுப்பாடு என்ன சொல்கிறது?

ஐ.எஸ்.ஓ. 8124, ஐரோப்பாவின் ஈ.என். 71 ஆகிய பொம்மைத் தரங்கள் காந்தத்தின் வலிமைக்கு ஓர் அளவுகோல் வைத்துள்ளன. அந்தக் குறியீடு 50-ஐ எட்டினால், அதோடு காந்தமும் விழுங்கும் அளவில் சிறியதாக இருந்தால், அது பொம்மையிலிருந்து கழன்று வரவே கூடாது. கீழே போட்டும் திருகியும் இழுத்தும் சோதிப்பார்கள். எது 'சிறியது' என்பதற்கும் ஒரு குழல் உண்டு. 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் குழலுக்குள் முழுமையாக அடங்கும் எதுவும் சிறு துண்டுதான்.

மலேசியாவில் விளையாட்டுப் பொருள் பாதுகாப்புத் தரத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் 2009-இல் வகுக்கப்பட்டன. 14 வயதுக்குட்பட்ட சிறாருக்கான விளையாட்டுப் பொருள்கள் இதில் அடங்கும். தரத்துக்கு உட்பட்டது என்பதற்கான அடையாளம்தான் எம்.சி. முத்திரை.

கடையில் பார்க்க வேண்டியவை

1. எம்.சி. முத்திரை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி. இவை இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

2. வயது குறிப்பு. சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் குறுக்குக் கோடும் இருந்தால், மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு அது ஆகாது. 'நம் பிள்ளை கெட்டிக்காரன்' என்று விதிவிலக்கு தேடக் கூடாது. இது அறிவைப் பற்றிய குறிப்பு அல்ல, தொண்டையின் அளவைப் பற்றியது.

3. கட்டையின் அளவு. கழிப்பறைத் தாள் சுருளின் அட்டைக் குழலுக்குள் நுழையும் எந்தத் துண்டும் சிறு குழந்தைக்கு ஆபத்து.

4. காந்தம் இருக்கும் இடம். மாதிரிக் கட்டை இருந்தால் விரலால் மூலைகளைக் கிள்ளிப் பாருங்கள். மேலே துளையோ, ஒட்டுக் காகிதத்தால் மூடிய வட்டமோ, பசைத் தடமோ தெரிந்தால் காந்தம் மேலோட்டமாகவே இருக்கிறது என்று பொருள். நடுவில் புதைத்து, சுற்றிலும் இடைவெளியின்றி மூடிய கட்டையே நல்லது.

5. வாடை. பெட்டியைத் திறந்ததும் காட்டமான வாடை அடித்தால் தவிர்ப்பது நல்லது. ஃபோம் பாய்களில் இருந்த ஃபார்மமைடு என்ற வேதிப்பொருள் காரணமாக 2010-இல் பெல்ஜியம் அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் பின்னர் ஃபோம் பொம்மைகளுக்கு வரம்பு விதித்தது.

இணையத்தில் வாங்குவோர் முன்பக்கப் படத்தோடு நின்றுவிடாமல், பெட்டியின் பின்பக்கப் படத்தையும் விற்பனையாளரிடம் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அந்தக் கடையை விட்டுவிடலாம்.

எந்த வயதுக்கு எது?

ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் காந்தமே தேவையில்லை. அடுக்குவதும் தள்ளிவிடுவதும்தான் அதற்கு விளையாட்டு. காந்தம் இல்லாத பெரிய ஃபோம் கட்டைகளோ மரக்கட்டைகளோ போதும். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் பழக்கம் நின்றபின், மூன்று வயதுக்கு மேல், காந்தக் கட்டைகளைத் தரலாம். முதலில் குறைந்த கட்டைகளே நல்லவை. எண்ணி எடுத்து வைக்க நமக்கும் எளிது. வீட்டில் அண்ணனுக்கு ஆறு வயது, தங்கைக்கு ஒரு வயது என்றால், தங்கையின் வயதைக் கணக்கில் வைத்தே வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

விளையாடி முடித்ததும் எண்ணி வையுங்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கட்டையையும் வளைத்துப் பாருங்கள். கடித்த தடம், கீறல், துருக்கறை தெரிந்தால் கட்டை குப்பைக்குத்தான். துருக்கறை என்றால் தண்ணீர் காந்தம்வரை போய்விட்டது. பிய்ந்த கட்டையைப் பசை போட்டு ஒட்டித் திரும்பக் கொடுக்காதீர்கள்.

குளியல் தொட்டியில் மிதக்கவிடும் வகைகளும் உண்டு. நம் நாட்டின் ஈரக் காற்றில் அவை எளிதில் பூஞ்சணம் பிடிக்கும். பிழிந்து, காற்றோட்டத்தில் காயவைக்க வேண்டும். காந்தம் ஒன்று காணாமல் போனால், இரும்புத் தோசைக்கரண்டியால் நாற்காலிக்கு அடியில் துழாவுங்கள், ஒட்டிக்கொண்டு வரும். எவர்சில்வர் கரண்டி பெரும்பாலும் உதவாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திய தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில், கட்டைகள் அவர்கள் மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும்.

விழுங்கிவிட்டால்?

சந்தேகம் வந்தாலே போதும், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 999. அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் பிள்ளை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கலாம். பிறகு வரும் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் ஆகியவற்றைச் செரிமானக் கோளாறு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்து நாளைக் கடத்திவிடுகிறோம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்து 'இறக்கிவிட' முயலாதீர்கள். மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

மருத்துவரிடம் 'பொம்மையை விழுங்கிவிட்டான்' என்று மட்டும் சொல்லாமல், 'காந்தம்' என்று சொல்லுங்கள். அதே பெட்டியில் உள்ள மற்றொரு கட்டையையும் கொண்டு போங்கள். எக்ஸ்ரேயில் காந்தம் தெரியும். ஆனால் ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தங்கள் ஒன்றுபோலத் தோன்றலாம் என்பதால், வெவ்வேறு கோணங்களில் படம் எடுப்பார்கள்.

புகார் செய்ய

முத்திரை இல்லாத பொம்மை விற்கப்படுவதைக் கண்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணில் தெரிவிக்கலாம். இழப்பீடு கோருவோர் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

அக்கா மகன் இப்போது காந்தம் இல்லாத பெரிய கட்டைகளால் வீடு கட்டுகிறான். ஒட்டாமல் சரிந்தால் சிரித்துவிட்டு மறுபடியும் அடுக்குகிறான். அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த பிறந்தநாளுக்குப் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்குவேன்.