நடந்துபோன துறைமுகம்

மேல்நாட்டாருக்கு நடப்பதில் ஒரு மோகம் உண்டு. ரயிலையும் மோட்டாரையும் ஆகாய விமானத்தையும் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தாம். ஆனாலும் விடுமுறை என்று வந்துவிட்டால், முதுகில் ஒரு பையும் கையில் ஒரு வரைபடமுமாக, வழிகாட்டி யாரும் இல்லாமல், மலை மலையாக ஏறி இறங்கக் கிளம்பிவிடுவார்கள். அதிலும் எரிமலைப் பிரதேசம் என்றால் தனி உற்சாகம். ஐஸ்லாந்துக்குப் போவார்கள், சிசிலித் தீவில் எட்னா மலைக்குப் போவார்கள், ஜாவாவில் கந்தகப் புகை மூக்கைத் துளைக்கும் மலை வாயின் விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். பூமியும் உயிருள்ள பிராணியைப் போலப் புரண்டு படுக்கும் என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நமக்கு அந்தப் பாக்கியம் எளிதில் கிட்டாது. இந்தியாவில் இன்று கனன்றுகொண்டிருக்கும் எரிமலை ஒன்றே ஒன்று. அது அந்தமான் கடலில் பாரன் தீவில் இருக்கிறது. அங்கே மனித வாசம் கிடையாது. ஆனால் பூமி புரண்டு படுத்த இடத்தைக் கால்நடையாகப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு வந்தால் போதும். எரிமலை ஓர் இரவில் செய்கிற காரியத்தை இந்த ஆறு இரண்டாயிரம் வருஷம் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் செய்திருக்கிறது.

கொற்கையிலிருந்து மணப்பாடு வரையில் முத்துக்குளித்துறைக் கரையை நான் மூன்று நாட்களில் நடந்து பார்த்தேன். முப்பது மைலுக்குக் கூடுதல், நாற்பதுக்குக் குறைவு. வழிகாட்டியாக யாரையும் அமர்த்திக்கொள்ளவில்லை. வழி கேட்டால் சொல்வதற்கு ஊருக்கு ஊர் அண்ணாச்சிமார் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு? இந்தக் கரையின் சரித்திரத்தைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் பிடிபடாத ஒரு விஷயம், நடந்த பிறகு பிடிபட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கொற்கை என்றதும் நம் மனசில் என்ன தோன்றும்? அலை மோதும் துறை, நாவாய்கள், குவித்து வைத்த முத்துக்கள், பாண்டிய இளவரசன். போய்ப் பார்த்தால் வயலும் வாழையும் பனையும் ஒரு பெரிய குளமும். கடல் எங்கே என்று கேட்டால் கிழக்கே கை காட்டுகிறார்கள். நாலைந்து மைல் தள்ளி இருக்கிறது. ஊரில் ஒரு பழைய வன்னிமரம் நிற்கிறது. அதற்கு இரண்டாயிரம் வயது என்கிறார்கள் ஊரார். பக்கத்திலேயே அக்காசாலை என்ற சிற்றூர். அக்காசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். நாணயமும் போய், அடித்த அரசனும் போய், பெயர் மட்டும் ஊரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கடல் வழிகளைப் பற்றிக் கிரேக்க மொழியில் பெயர் தெரியாத வியாபாரி ஒருவன் எழுதிய ‘பெரிப்ளுஸ்’ என்ற நூலில் இந்த ஊர் வருகிறது. பாண்டியன் நாட்டில் கொல்கை என்ற இடத்தில் முத்துக் குளிக்கிறார்கள் என்றும், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அந்த வேலையைச் செய்விக்கிறார்கள் என்றும் அவன் குறித்து வைத்திருக்கிறான். ரோமாபுரிச் சீமாட்டிகளின் காதில் ஆடிய முத்துக்குப் பின்னால் எந்தப் பாவியின் மூச்சு முட்டிற்றோ! 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையார் இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில், அதன் காலம் கி.மு. 785-ஐ ஒட்டியது என்று தெரிந்தது. 

குளத்தங்கரையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். “இவ்வளவு பெரிய துறைமுகத்தைக் கடல் இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டதே!” என்றேன்.

“கடல் எங்கயும் போவல, அண்ணாச்சி. நம்ம ஆறுதான் மண்ணக் கொண்டாந்து போட்டுட்டு” என்றார் அவர்.

பிஷப் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் பல பக்கங்களில் விளக்கியதைப் பெரியவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். பொதிகையில் பிறந்து வருஷம் முழுவதும் ஓடும் தாமிரபரணி, வண்டலைக் கொண்டுவந்து வாயில் கொட்டிக்கொண்டே இருந்தது. அலைகள் மணலை ஒதுக்கிக் கொடுத்தன. நிலம் கடலுக்குள் நீண்டது. கப்பல் வர முடியாமற் போன கொற்கையை விட்டு வியாபாரம் கிழக்கே நகர்ந்தது. கால்டுவெல் இதை எழுதத் தகுதியான மனிதர். 1841-இல் சென்னையிலிருந்து நீலகிரி வழியாகச் சுற்றி இந்தச் சீமைக்கு அவர் வந்து சேர்ந்தது கால்நடையாகத்தான்.

கொற்கையை விட்டு வரப்பு வழியாகவும் வண்டிப் பாதை வழியாகவும் கிழக்கே நடந்தால் பழையகாயல் வருகிறது. ஒரு காலை வேளை நடை. ஆனால் சரித்திரக் கணக்கில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. 1292-ஐ ஒட்டி மார்க்கோ போலோ கண்ட ‘காயில்’ என்ற மகாநகரம் இதுதான் என்பது கால்டுவெல்லின் முடிவு. காயல்பட்டினமே அது என்று வாதிடுவோரும் உண்டு. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் அங்கே வந்து நின்றன என்று எழுதுகிறான் போலோ. முத்துக் குளிப்பையும் அவன் விவரிக்கிறான். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடுகிறவனுக்கு இருபதில் ஒரு பங்கு. உயிரைப் பணயம் வைத்து மூழ்குகிறவனுக்கு மந்திரவாதியிடம் நம்பிக்கை இருந்ததில் ஆச்சரியமில்லை. இன்று பழையகாயலைச் சுற்றிலும் உப்பளங்கள். வெள்ளை வெளேரென்று குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசச் செய்கிறது. குதிரைக் கப்பல் வந்த சுவடு எதுவும் தென்படவில்லை. இந்தத் துறையையும் ஆறு தூர்த்துவிட்டது.

முக்காணியில் பாலத்தைத் தாண்டி, வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூர் வழியாகத் திரும்பிக் கடலோரமாக வந்தால் புன்னைக்காயல். இது மூன்றாவது துறை. போர்த்துகீசியர் காலத்தில் இந்தக் கரைக்கே இதுதான் தலைமை இடம். தமிழில் ஆரம்ப காலத்திலேயே அச்சுப் புத்தகம் கொண்டுவந்த அண்டிரிக் அடிகள் நெடுங்காலம் வாழ்ந்து 1600-இல் கண் மூடியதும் இங்கேதான்.

இந்தக் கரையை நடந்தே அளந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் சவேரியார். 1542-இல் வந்த பிரான்சிஸ் சேவியர், மணியை அடித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். தமிழ் தெரியாது, சிலரை வைத்து ஜபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டு சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் தம்மைச் சாப்பிடவும் தூங்கவும் விடுவதில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். 1544-ஆம் வருஷத்துக் கடிதங்களின் தலைப்பில் அவர் இட்ட ஊர்ப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே ஒரு நடைப்பயணக் குறிப்பாக இருக்கிறது: மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, திருச்செந்தூர், தூத்துக்குடி.

அதே வருஷம் வடுகர் படை கடற்கரைக் கிராமங்களில் புகுந்து சூறையாடிற்று. பரதவ மக்கள் குமரிமுனைப் பக்கத்துப் பாறைகளுக்கு ஓடி, உணவும் நீரும் இல்லாமல் தவித்தார்கள். சேவியர் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்காற்றில் தோணிகள் முன்னேறவில்லை. பிறகு தரை வழியாகவே அவர்களைப் போய்ப் பார்த்தார். தோணி போகாத இடத்துக்குக் கால் போயிற்று.

இந்த மனிதர் பின்னால் எரிமலைகளையும் பார்த்தார் என்பது விசேஷம். 1546-இல் அவர் மொலுக்காஸ் தீவுகளுக்குப் போனார். ஓயாமல் நெருப்பையும் சாம்பலையும் கக்கும் ஒரு மலையைப் பற்றியும், பூசை நடக்கும்போதே பூமி அதிர்ந்ததைப் பற்றியும் எழுதினார். பீடமே விழுந்துவிடுமோ என்று பயந்தாராம். அவர் அதற்கு முன் இரண்டு வருஷம் நடந்து திரிந்த முத்துக்குளித்துறையிலும் பூமி இடம் மாறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு மனித ஆயுளில் அது கண்ணுக்குத் தெரியாது.

புன்னைக்காயலிலிருந்து காயல்பட்டினத்துக்குக் கடல் ஓரமாகவே நடக்கலாம். ஈரமணல் காலுக்குக் கெட்டியாக இருக்கும். காயல்பட்டினம் பழைய பள்ளிவாசல்கள் நிறைந்த ஊர். அராபிய வியாபாரிகளோடு இருந்த உறவு அதன் பேச்சிலும் சமையலிலும் இன்னும் மணக்கிறது. வீடுகளை ஒட்டிப் பெண்கள் போய்வருவதற்கென்றே முடுக்குகள் இருக்கின்றன. என்னைப் போன்ற அந்நியன் அதற்குள் நுழையாமல் தெருவோடு போவதுதான் மரியாதை.

அடுத்தது திருச்செந்தூர். மேல்நாட்டார் நடை விடுமுறை என்று பெயர் வைத்திருப்பதை நம் ஜனங்கள் பாதயாத்திரை என்பார்கள். பச்சை வேஷ்டியும் பச்சைப் புடவையுமாக, குழந்தை குட்டிகளோடு, தூத்துக்குடியிலிருந்து இருபத்தைந்து மைல் நடந்து வருகிறார்கள். வரைபடம் கிடையாது, முன்னால் போகிறவரின் முதுகுதான் வரைபடம். கோயிலை ஒட்டிக் கடலருகிலேயே நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. தெற்கே மணப்பாட்டில் கடல் முனைக் குன்றின் கீழ்ச் சவேரியார் தங்கிய குகையிலும் அப்படியே ஒரு நன்னீர்க் கிணறு. உப்புக் கடலின் விளிம்பில் ஒரு கை நல்ல தண்ணீர் கிடைத்தால், அங்கே மனிதன் கையெடுத்துக் கும்பிடுகிறான். சாமியின் பெயர் எதுவானால் என்ன?

திருச்செந்தூரை விட்டு உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கினால் தேரிக்காடு. ரத்தச் சிவப்பான மணல் மேடுகளைப் பார்த்துவிட்டு, எரிமலைக் குழம்பு காய்ந்து கிடக்கிறதோ என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. அப்படி ஒன்றுமில்லை. காற்று அள்ளிக் கொட்டிய மணலில் இரும்புச் சத்து துருவேறிச் சிவந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் பூமியை மாற்றி எழுதியவர்கள் ஆறும் அலையும் காற்றும்தான். ஆலந்தலை, குலசேகரன்பட்டினம் என்று நடந்து, 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணப்பாட்டில் என் நடை முடிந்தது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பாய்மரம் விரித்த பழைய துறையிலிருந்து இனி ஆகாயத்துக்குக் கப்பல் போகும்.

நான் புத்தகத்தில் படித்தது என்ன? கொற்கை அழிந்தது, காயல் அழிந்தது, புன்னைக்காயல் சீர்குலைந்தது, தூத்துக்குடி எழுந்தது. ஒவ்வொரு நகரமும் தனித்தனியே பிறந்து தனித்தனியே செத்ததுபோல் இருந்தது. நடந்து பார்த்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. நாலு நகரங்கள் இருந்ததாகவே எனக்கு இப்போது தோன்றவில்லை. ஒரே துறைமுகம்தான், இரண்டாயிரம் வருஷமாகக் கடலைத் துரத்திக்கொண்டு அது நடந்திருக்கிறது. வலையையும் தோணியையும் சாமியையும் எடுத்துக்கொண்டு ஜனங்களும் கூடவே நடந்திருக்கிறார்கள். 

தூத்துக்குடியை 1658-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1825-இல் அது ஆங்கிலேயரிடம் வந்தது. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். ஆள்கிறவர் மாறினாலும் சலாபத்தின் முறை மாறவில்லை. காலில் கல்லும் இடுப்பில் பையுமாக, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு மனிதன் மூச்சடக்கி இறங்குவான். கயிற்றைப் பிடித்திருப்பவன் மேலே காத்திருப்பான். பிரிட்டிஷார் நாளில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி சர்க்காருக்குப் போயிற்று. 1955 முதல் வருஷா வருஷம் நடந்த சலாபம் 1961-உடன் நின்றது. பார்களில் சிப்பி பழையபடி விளையவே இல்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். அது விஞ்ஞானத்தின் வெற்றி; ஆனால் அதற்கு மூச்சடக்கத் தெரிந்தவன் தேவையில்லை.

நிலம் நகர்ந்தால் பின்னோடு நடந்து விடலாம். தொழிலே மறைந்துவிட்டால் எந்தத் திசையில் நடப்பது? முத்துக் குளித்த குடும்பங்களில் சிலர் சங்கு குளிக்கப் போனார்கள். சிலர் மீன்பிடித் தோணிக்கும், சிலர் கப்பலுக்கும், சிலர் துறைமுகத்துக்கும் போனார்கள். அந்தப் புதிய துறைமுகம் 1974-இல் பெரிய துறைமுகமாயிற்று. அதை அமைத்தவர்கள் கடலுக்குள் கல்லைக் கொட்டி, மைல் கணக்கில் இரண்டு அலைதடுப்புச் சுவர்களை நீட்டியிருக்கிறார்கள். கொற்கையை விட்டுக் கடல் விலகிப் போயிற்று. தூத்துக்குடி கடலுக்கு உள்ளேயே போய் நின்றுகொண்டது.

நடக்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தை, மாசி மாதங்களில் வாருங்கள், விடியுமுன் கிளம்பிவிடுங்கள். கொற்கையில் தொடங்குங்கள். அங்கிருந்து கிழக்கே வைக்கும் ஒவ்வோர் அடியும் ஒரு காலத்தில் கடலாக இருந்த இடத்தில்தான் விழும். அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வேறு வழிகாட்டி வேண்டாம்.