பயோமெட்ரிக் அடையாளம்

கைரேகை, கருவிழி, முகம் போன்றவற்றைக் கொண்டு ஒருவரை இனங்காணும் முறை. ‘இவர் யார்?’ என்று எல்லாப் பதிவுகளிலும் தேடுவது அடையாளம் காணல், ‘இவர் இன்னார்தானா?’ என்று ஒரே பதிவோடு ஒப்பிடுவது சரிபார்த்தல். ஆதாரில் இரண்டும் உண்டு. பதியும்போது 10 விரல், 2 கருவிழி, முகம் எடுத்து, முன்பே பதிந்தவரா என்று தேடுவார்கள். ரேஷன் கடையில் விரல் வைப்பது சரிபார்த்தல் மட்டுமே.

கைரேகைக் கருவி பெரும்பாலும் ரேகைகள் முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் ஒப்பிட்டு மதிப்பெண் தருகிறது. வரம்பை எட்டாவிட்டால் உரியவரும் தள்ளப்படுவார். மண்ணிலும் கல்லிலும் உழைத்து ரேகை தேய்ந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் இது நேர்கிறது. முறையின் பெரிய குறை இதுவே.

கைரேகையை இப்படிப் பயன்படுத்துவது புதிதல்ல. 1858இலேயே வங்காளத்தில் வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல் என்பவர் ஒப்பந்தத்தாளில் கைப்பதிவு வாங்கினார்.

ஆதார் வழக்கில் 2018இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ரேகை பொருந்தாததால் உரிய பயன் மறுக்கப்படக் கூடாது என்றது. விரல் பொருந்தாவிட்டால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். மாற்றுவழியைக் கேட்டுப் பெறுங்கள்.