நாஞ்சிலுக்குச் சோறிட்ட பழையாறு

நாஞ்சில் நாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் மன்னர்களையும் போர்களையும் முதலில் கூறுவர். நாமோ, இம்மண்ணுக்குச் சோறிட்ட பழையாற்றிலிருந்து தொடங்க விரும்புகிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், மகேந்திரகிரிச் சரிவுகளில் பெய்யும் மழை பல ஓடைகளாக இறங்கிப் பழையாறாகிறது. 2008ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடுகளே அதன் தாய்வீடு. பூதப்பாண்டி, நாகர்கோவில், சுசீந்திரம் ஆகிய ஊர்களைத் தொட்டுச் சென்று மணக்குடியில் கடலோடு கலக்கிறது. நீளம் 40 கிலோமீட்டர் கூட இல்லை.

இத்தனை சிறிய ஆறு இத்தனை வயல்களை எவ்வாறு காத்தது? அயல் ஆறுகளின் நீர் துணை வந்ததால்தான். மலையடிவாரத்தில் பறளியாற்றைத் தடுத்து, கால்வாய் வெட்டி, அந்நீரைப் பழையாற்றில் சேர்த்தனர் நம் முன்னோர். பாண்டியன் அணை, பாண்டியன் கால் என்னும் பெயர்கள் அப்பணியின் பழமையைச் சொல்கின்றன. பின்னர் திருவிதாங்கூர் அரசு, பொறியாளர் மிஞ்சின் துரையைக் கொண்டு கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையை எழுப்பியது. 1897இல் தொடங்கிய வேலை 1906இல் முடிந்தது. விடுதலைக்குப்பின் பறளியாற்றில் பெருஞ்சாணி அணையும் எழுந்தது.

பழையாற்றின் குறுக்கே சோழன்திட்டை முதலான சிறு அணைக்கட்டுகள் வரிசையாக உள்ளன. மேல்வயலில் பாய்ந்து வடிந்த நீர் மீண்டும் ஆற்றில் சேர்ந்து, அடுத்த அணைக்கட்டில் தேங்கி, கீழ்வயலுக்குப் பாய்கிறது. ஒரே நீர் பலமுறை உழைக்கிறது! கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோகமும் இந்த ஏற்பாட்டில் விளைந்தவையே.

ஆறு முடியும் மணக்குடிக் காயல் மீனவ மக்களின் வாழ்வோடு பிணைந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அக்காயலுக்குள் புகுந்து, மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தை அடித்துச் சென்றது. அந்நாளின் துயரத்தை நாம் மறப்பதற்கில்லை.

கடல் செய்த அழிவு ஒரு நாளில் நேர்ந்தது. நாம் செய்யும் அழிவோ நாள்தோறும் நடக்கிறது. நகரின் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது. ஆகாயத்தாமரை நீரை மூடுகிறது. நெல் விளைந்த வயல்கள் வீட்டுமனைகளாகின்றன. மேல்வயலின் வடிநீரே கீழ்வயலின் பாசனநீர் என்ற ஆற்றில், மேலே நாம் எறியும் குப்பை கீழே உழவனின் வயலுக்கும் மீனவனின் வலைக்குமே போய்ச் சேரும்.

விழாக் கொண்டாடும் இவ்வாண்டில் நம் வீட்டுக் குப்பை ஆற்றுக்கோ கால்வாய்க்கோ போகாது என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்வோம். முன்னோர் கால்வாய் வெட்டித் தந்தனர். அதைத் தூர்ந்துபோக விடாமல் காப்பது நம் பொறுப்பு.